வைரத் தோட்டின் சர்ட்டிபிகேட் வெறும் கருத்துதானா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். போன ஆவணியில் மூத்த மகள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலியில் ஒரு கடையில் ஏழுகல் வைரத் தோடு எடுத்தோம். விலை 2,85,000 ரூபாய். "ப்ளூ ஜாகர் கல், இ-எஃப் கலர், வி.வி.எஸ். தரம், சர்ட்டிபிகேட்டும் உண்டு" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பில்லில் "டயமண்ட் 1.40 கேரட்" என்று மட்டும் இருக்கிறது. திருகாணி தேய்ந்ததால் மகள் அதைச் சென்னையில் சரிபார்க்கக் கொடுத்தாள். அங்கே கருவியில் வைத்துப் பார்த்தவர்கள் சில கல் ஆய்வகத்தில் வளர்த்தது போலத் தெரிகிறது என்றார்கள். வேறொரு லேபில் அறிக்கை வாங்கினோம். பதினான்கு கல்லில் ஐந்து சி.வி.டி. கல் (ஆய்வகத்தில் வளர்த்தது), மீதி ஜி-ஹெச் கலர், வி.எஸ். தரம். கடையில் கேட்டால், "சர்ட்டிபிகேட் லேப் கொடுத்தது, அது கருத்து மட்டும்தான் என்று பின்பக்கமே அச்சடித்திருக்கிறது. வேண்டுமானால் 20 சதவீதம் கழித்து மாற்றித் தருகிறோம்" என்கிறார்கள். தெரிந்த கடை, கோர்ட்டு கேஸ் என்று போனால் நன்றாக இருக்குமா என்று மைனி தயங்குகிறார்கள். இளைய மகளுக்கும் தையில் எடுக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, 20 சதவீதக் கழிவுக்குச் சம்மதிக்காதீர்கள். "முழு திருப்தியுடன் மாற்றிக்கொண்டேன்" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் உங்கள் வழக்கில் பாதி போய்விடும்.

கடைக்காரர் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. வைரத்துக்கு லேப் தரும் தாள் தர அறிக்கைதான். பயிற்சி பெற்றவர் பார்த்துச் சொல்லும் கருத்து அது. விலை மதிப்பீடும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. என்ற ரத்தினக்கல் ஆய்வு நிறுவனம் வகுத்த அளவுகோலைத்தான் பெரும்பாலான லேபுகள் பின்பற்றுகின்றன. நிறம், சாயலே இல்லாத டி-யில் தொடங்கி இசட் வரை இறங்கும். தெளிவு, குறையே இல்லாத எஃப்.எல்.-இல் தொடங்கி ஐ.எஃப்., வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ., ஐ என்று இறங்கும். நம் ஊர்ப் பெரியவர்கள் காகபாதம், புள்ளி, ரேகை என்று பார்த்த குறைகளைத்தான் லேப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்து இந்தப் படிகளில் எழுதுகிறது. கண்ணும் அனுபவமும் சேர்ந்த வேலை என்பதால், ஒரே கல்லுக்கு இரண்டு லேபுகள் ஒரு படி முன்பின்னாகச் சொல்வது நடக்கும்.

உங்கள் தோட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மொத்தம் 1.40 கேரட், பதினான்கு கல் என்றால் ஒரு கல் சுமார் 10 சென்ட். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். இவ்வளவு சிறிய கல்லுக்குத் தனித்தனி அறிக்கை வாங்குவது வழக்கமில்லை. நகை முழுவதற்கும் சேர்த்து ஒரே அட்டை வரும். கல் தங்கத்தில் பதிந்த பிறகு பின்பக்கமும் ஓரமும் மறைந்துவிடும். அதனால்தான் "பதித்த நிலையில் பார்க்க முடிந்த அளவுக்கு" என்ற பொருளில் ஒரு வரி அந்த அட்டையில் இருக்கும். எடையும் தராசில் போட்டதாக இல்லாமல், அளவை வைத்துக் கணக்கிட்டதாக இருக்கலாம். பின்பக்கம் மூடிய கட்டில் இந்தச் சந்தேகம் இன்னும் கூடும்.

ஆகவே நிறம், தெளிவு வித்தியாசத்தை உங்கள் வழக்கின் மையமாக வைக்காதீர்கள். இ-எஃப் என்றது ஜி-ஹெச் ஆனது உங்களுக்கு நஷ்டம்தான், மனுவில் சேர்க்கவும் வேண்டும். ஆனால் "இது கருத்து வேறுபாடு" என்று எதிர்த்தரப்பு அதைத் தட்டிவிட இடமுண்டு. ஐந்து கல் ஆய்வகத்தில் வளர்த்தது என்பதற்கு அந்தப் பதில் செல்லாது. பூமியில் விளைந்ததா, இயந்திரத்தில் வளர்த்ததா என்பது நடந்த ஒரு விஷயம், தகுந்த கருவி உள்ள லேப் அதைக் கண்டறிந்து சொல்லும். சி.வி.டி. கல்லும் வைரம்தான், போலிக் கல் இல்லை. அதைச் சொல்லி, அதற்குரிய விலையில் விற்பதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் அதன் விலை இயற்கை வைரத்தைவிடப் பல மடங்கு குறைவு. சொல்லாமல் இயற்கை வைர விலைக்கு விற்பதைத்தான் சட்டம் கேள்வி கேட்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(10)-ஐப் பாருங்கள். விற்பவர் எந்த வகையில் சொல்லியிருந்தாலும், அந்தத் தரம் பொருளில் இல்லாவிட்டால் அது குறைபாடு. எழுதித்தான் தந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. பொருளின் தரத்தைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பது பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. லேபின் அட்டையைப் பில்லோடு சேர்த்துக் கையில் கொடுத்து, அதைக் காட்டி விலை வாங்கிய பிறகு, "அது லேப் சொன்னது" என்று கடை ஒதுங்க முடியாது. நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு. லேபுக்குக் கட்டணம் கட்டி அட்டை வாங்கியதும் கடைதான். அந்த அட்டையில் இயற்கை வைரம் என்று அச்சாகியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். இருந்தால் உங்கள் கை ஓங்கியது.

உங்கள் வழக்கில் பலவீனமான இடம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நகை இடையில் வேறொருவர் கைக்குப் போயிருக்கிறது. "எங்கள் கல் இல்லை, சென்னையில் மாற்றிவிட்டார்கள்" என்பதுதான் கடைக்காரரின் முதல் வாதமாக இருக்கும். அதற்கு இப்போதே தயாராகுங்கள். தோட்டில் ஹால்மார்க் முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாளக் குறி இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். கடையின் பதிவு எண்ணும் நகையின் விவரமும் வரும். தோடு அந்தக் கடையினுடையது என்பதற்கு அது சான்று. ஹால்மார்க் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும்தான், கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பில்லிலும் அட்டையிலும் உள்ள மொத்த எடை இப்போதைய எடையோடு ஒத்துப்போகிறதா, அட்டையின் படமும் தோடும் ஒன்றுதானா என்று பாருங்கள். சென்னைக் கடையில் திருகாணிக்குக் கொடுத்த ரசீது, கல்லைத் தொடவில்லை என்று அவர்கள் எழுதித் தரும் கடிதம் இரண்டையும் மகளிடம் சொல்லி வாங்கி வையுங்கள். கடையோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். இனி அந்தத் தோட்டை மெருகு போடவோ கல்லைப் பிரிக்கவோ யாரிடமும் தராதீர்கள். "கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்று அந்தக் கடையே கூப்பிட்டாலும், கல் எண்ணிக்கை, எடை, ஹெச்.யு.ஐ.டி. மூன்றையும் எழுதிய ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம்.

சரி, அடுத்து செய்ய வேண்டியது. முழு விலையையும் திருப்பித் தரும்படி, பதினைந்து நாள் கெடு வைத்து, ஒப்புகையோடு தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். சில கடைகள் அதற்கே இறங்கி வந்துவிடும். பதில் வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை உள்ள வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வைக்க விரும்பினால், பெண் என்ற முறையில் வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கால வரம்பு இரண்டு ஆண்டு. உண்மை தெரிந்த நாளிலிருந்து கணக்கு என்று வாதிட முடியும், ஆனாலும் பில் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

மனுவில் ஒரு கோரிக்கையைத் தவறாமல் சேருங்கள். பிரிவு 38-இன்படி ஆணையமே நகையை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். நீங்களாகப் போய் வாங்கிய அறிக்கையைக் கடைக்காரர் குறை சொல்லலாம். ஆணையம் அனுப்பி வாங்கியதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதையும் வழக்குச் செலவில் சேர்த்துக் கேளுங்கள். முழு விலை, வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகியவற்றையும் கேட்கலாம்.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று உறவினர்கள் சொல்லக்கூடும். மோசடிக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318 இருக்கிறது. ஆனால் ஏமாற்றும் எண்ணம் முதலிலிருந்தே இருந்தது என்று காட்ட வேண்டும். "எங்களுக்குக் கல் கொடுத்தவர் கலந்துவிட்டார்" என்று கடை சொன்னால் அது இழுத்துக்கொண்டே போகும். முதலில் ஆணையம்தான் நல்லது.

இளைய மகளுக்கு எடுக்கும்போது, சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள், அதில் உள்ளதைப் பில்லில் ஏற்றச் சொல்லுங்கள். "இயற்கை வைரம்" என்ற சொல், கல் எண்ணிக்கை, மொத்தக் கேரட், நிறம், தெளிவு, லேபின் பெயர், அறிக்கை எண், தங்கத்தின் நிகர எடை, ஹெச்.யு.ஐ.டி. இத்தனையும் பில்லில் வரவேண்டும். எழுத மறுக்கும் கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற லேபுகள் அறிக்கை எண்ணைத் தங்கள் இணையதளத்தில் சரிபார்க்க வசதி வைத்திருக்கின்றன. பணம் கட்டுமுன் கடையில் நின்றபடியே போனில் பாருங்கள். கடையே தன் பெயரில் அச்சடித்த அட்டை என்றால், அதைக் கடையின் வாக்குறுதியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தனி சாட்சியாக எண்ண வேண்டாம். "பேனா வைத்துச் சோதித்துக் காட்டுகிறோம்" என்றால் அதிலும் மயங்க வேண்டாம். வெப்பத்தைப் பார்க்கும் சாதாரணப் பேனாவில் சி.வி.டி. கல்லும் வைரம் என்றுதான் காட்டும்.

"ப்ளூ ஜாகர்" என்ற பெயரை நம் பக்கம் தலைமுறையாகச் சொல்கிறோம். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்திலிருந்து வந்த நீலச்சாயல் கல்லுக்கு வழங்கிய பெயர் அது. லேபின் அளவுகோலில் அப்படி ஒரு தரம் கிடையாது. பில்லில் அதை மட்டும் எழுதினால் நாளைக்கு அளந்து நிரூபிக்க வழியில்லை. புற ஊதா ஒளியில் கல் நீலமாக ஒளிர்வதை அறிக்கையில் ஃபுளோரசன்ஸ் என்ற வரியில் குறிப்பார்கள், அதைப் பாருங்கள். தோஷம் பார்க்க மூன்று நாள் வீட்டில் வைத்திருப்பீர்கள் என்றால், பிடிக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்பதையும், என்றைக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். திரும்ப எடுக்கும்போது எவ்வளவு கழிப்பார்கள் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். சென்னையில் வாங்கினாலும் கவலை வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது.

மைனியின் தயக்கம் எனக்குப் புரிகிறது. நோட்டீஸ் அனுப்புவதால் பேச்சு முறிந்துவிடாது. ஆணையத்துக்குப் போன பிறகும், இரு தரப்பும் சம்மதித்தால் பிரிவு 37-இன்படி சமரசத்துக்கு அனுப்புவார்கள். தெரிந்த கடை என்றால் அங்கே வைத்துப் பேசி முடிக்கலாம். எந்தத் தொகைக்கு முடிந்தாலும், பணம் கணக்கில் ஏறிய பிறகு தோட்டைத் திருப்பிக் கொடுங்கள்.