க்ளூனி: விற்று இடிக்கப்பட்ட பேராலயம் (கேள்வி பதில்)

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள சிற்றூர் க்ளூனி. அங்குள்ள இடைக்காலத் துறவு மடத்தைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, இத்தனை சிறிய ஊரின் மடம் ஐரோப்பா முழுவதும் செல்வாக்குப் பெற்றது எப்படி?

பதில்: அதற்கு வித்திட்டது அதன் சாசனம். 910-இல் மடத்தை நிறுவிய அக்விட்டேன் கோமகன் கியோம், அந்தப் பகுதி ஆயரோ பிரபுக்களோ, ஏன், தன் வாரிசுகளோகூட மடத்துச் சொத்தில் கை வைக்கக் கூடாது என்று எழுதி வைத்தார். மடம் ரோமின், அதாவது போப்பாண்டவரின், பாதுகாப்பில் இருந்தது. நிலம் கொடுத்தவரே உரிமையைத் துறந்தது அன்று பெரிய காரியம். அடுத்த இரு நூற்றாண்டுகளில் நூற்றுக்கணக்கான மடங்கள் க்ளூனியின் கீழ் வந்தன.

கேள்வி: ஆலயம் போரில் அழிந்ததா?

பதில்: இல்லை, அம்மா. ஏலத்தில் போனது. 1088-இல் மடாதிபதி ஹியூ தொடங்கிய அந்த ஆலயத்தின் நீளம் சுமார் 187 மீட்டர். ரோமில் இன்றுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரியது கிடையாது. பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். 1798-இல் கட்டடம் வணிகர்கள் கைக்குப் போனது. அவர்களுக்கு அது வெறும் கற்குவியல். கால் நூற்றாண்டு காலம் நிதானமாக இடித்து, கல் கல்லாக விற்றார்கள். ஆலயத்தின் நடுவே தெருவும் போட்டார்கள். மிஞ்சியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெறிகொண்ட கூட்டம் ஒரே இரவில் கொளுத்தியிருந்தால்கூட மனம் ஒருவாறு ஆறும். கணக்குப் பார்த்துச் செய்த இந்த அழிவை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கேள்வி: கல்லறைத் திருநாளுக்கும் க்ளூனிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

பதில்: உண்மைதான். இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் நவம்பர் 2 அன்று மன்றாடும் வழக்கத்தைத் தம் மடங்களில் ஏற்படுத்தியவர் க்ளூனி மடாதிபதி ஒடிலோ. அங்கிருந்துதான் அது பரவியது. நம் ஊர்க் கல்லறைகளில் அன்று ஏற்றும் மெழுகுவர்த்திக்கும் இது பொருந்தும்.

கேள்வி: அரை நாள்தான் இருக்கிறது. எதை விடக் கூடாது?

பதில்: தப்பி நிற்கும் தெற்குக் குறுக்குக் கூடத்துக்குள் (சிலுவை வடிவ ஆலயத்தின் ஒரு பக்கக் கை) முதலில் போங்கள். தலைக்கு மேல் ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் வளைவு; இது ஆலயத்தின் ஒரு மூலைதான் என்பதை நினைத்துக்கொண்டே பாருங்கள். அடுத்து, 13-ஆம் நூற்றாண்டு மாவுக் களஞ்சியம். அதன் மேல்தளத்தில், கவிழ்த்த கப்பல் போன்ற மரக்கூரையின் கீழ், பலிபீடத்தைச் சூழ்ந்திருந்த தூண்களின் தலைப்பகுதிகளை அரைவட்டமாக வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஏதேன் தோட்டத்து நான்கு ஆறுகள். இன்னொன்றில் நரம்பிசைக் கருவி மீட்டும் உருவம். மூக்கும் விரலும் சிதைந்திருந்தாலும் ஆடை மடிப்புகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. நேரம் மிஞ்சினால் ‘பாலாடைக்கட்டிக் கோபுரம்’ என்று பெயர் பெற்ற பழைய கோபுரத்தில் ஏறுங்கள்.

கேள்வி: பாரிசிலிருந்து எப்படிப் போவது?

பதில்: அதிவேக ரயிலில் மாகோன்-லோஷே நிலையம், அங்கிருந்து பஸ். திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.