பி.கே.யூ. பிள்ளைக்கு என்ன சமைக்கிறது? கேட்டீங்க, சொல்றேன்

பாலக்கோடு பக்கம் எங்க ஊர். மகளுக்கு 12 வயசு ஆகுது. அவளுக்கு பீனைல்கீட்டோனூரியா, சுருக்கமா பி.கே.யூ. நாம சாப்பிடுற புரதம் எல்லாத்துலயும் பீனைல்அலனின்னு ஒரு அமினோ அமிலம் இருக்கு. அதை மாத்த வேண்டிய என்சைம் இந்தப் பிள்ளைங்க கல்லீரல்ல சரியா வேலை செய்யாது. அது ரத்தத்துல தேங்கித் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சாப்பாட்டுல கட்டுப்படுத்திட்டா பிள்ளை மத்தப் பிள்ளைங்க மாதிரியே வளரும்.

நான் டாக்டரும் இல்ல, டயட்டீஷியனும் இல்ல. 11 வருஷமா தராசை வச்சுக்கிட்டு சமைக்கிறவ. கீழே வர்ற கிராம் கணக்கு என் வீட்டுக் கணக்கு. உங்க பிள்ளைக்கு எவ்வளவுன்னு ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து உங்க டாக்டரும் டயட்டீஷியனும்தான் சொல்லணும்.

அக்கா, பாப்பாவுக்கு ரெண்டு மாசம். போன வாரம்தான் பி.கே.யூ.ன்னு சொன்னாங்க. தாய்ப்பாலை நிறுத்தணுமா? அழுதுக்கிட்டே இருக்கேன். (காரிமங்கலம்)

நிறுத்த வேண்டாம்மா, பெரும்பாலும். பீனைல்அலனின் இல்லாத தனி ஃபார்முலா பவுடர் இருக்கு. அதை இவ்வளவு கொடுங்க, மீதிப் பசிக்குத் தாய்ப்பால் கொடுங்கன்னு பிரிச்சுச் சொல்வாங்க. பசும்பால்ல இருக்கிற புரதத்துல மூணுல ஒரு பங்குதான் தாய்ப்பால்ல இருக்கு, அதனால நமக்கு அது தோதுதான். ஆரம்பத்துல ரத்தத்துல பீனைல்அலனின் அளவு ரொம்ப ஏறியிருந்தா சில நாள் நிறுத்தச் சொல்லலாம். அப்போ பாலைப் பீச்சி எடுத்துட்டே இருங்க, சுரப்பு வத்திடக் கூடாது. முக்கியமா ஒண்ணு: பீனைல்அலனின் சுத்தமா இல்லாமலும் பிள்ளை வளராது. பயந்துபோய் முழுசா நிறுத்தினவங்க பிள்ளைங்களுக்கு எடை ஏறாது, தோல் புண்ணாகும்.

ரெண்டு மாசத்துல தெரிஞ்சதே பெரிய விஷயம்மா. என் மகளுக்கு 10 மாசத்துலதான் தெரிஞ்சது. முடி செம்பட்டையா இருந்தது, "செவத்த பிள்ளை, குடுத்து வச்சவ"ன்னு எல்லாரும் கொஞ்சினாங்க. மூத்திரத் துணியில எலிப் புழுக்கை மாதிரி ஒரு வாடை வரும். ஒரு ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை சொன்னேன். "நல்லா சோப்பு போட்டுத் துவைங்க"ன்னாங்க. நார்வேயில ஒரு அம்மா இதே வாடையைச் சொல்லிக்கிட்டு வருஷக்கணக்கா டாக்டர் டாக்டரா அலைஞ்சிருக்காங்க. 1934ல ஃபோலிங்னு ஒரு டாக்டர்தான் காது கொடுத்துக் கேட்டு, பிள்ளைங்க மூத்திரத்தைச் சோதிச்சுப் பார்த்தார். இந்த நோயைக் கண்டுபிடிச்சது அப்படித்தான். அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

எங்க வீட்ல மூணு வேளையும் ராகி களிதான். பையனுக்கு 4 வயசு, தட்டைப் பார்த்து அழறான். ராகி கொடுக்கவே கூடாதா? (பென்னாகரம்)

ராகி மேல பழி போடாதீங்க. 100 கிராம் ராகி மாவுல சுமார் 7 கிராம் புரதம். அரிசியிலயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், 7, 8 கிராம். சிக்கல் உருண்டையோட அளவுலயும் தொட்டுக்கிறதுலயும்தான். 1 கிராம் புரதத்துக்கு 50 மில்லிகிராம் பீனைல்அலனின்னு கணக்கு வச்சுக்கோங்க. என் மகளுக்கு 4 வயசுல நாள் முழுசுக்கும் சாப்பாட்டுப் புரதம் 6 கிராம்தான் அனுமதி. பெரியவங்க திங்கிற களி உருண்டை ஒண்ணுலயே அது தாண்டிடும். அதுக்கு மேல அவரைக்கொட்டைக் குழம்பு, கருவாடுன்னு ஊத்தினா கேட்கவே வேண்டாம்.

நான் பண்றது இது. ஜவ்வரிசியை வெறும் சட்டியில லேசா சூடு பண்ணி, மிக்சியில மாவா அரைச்சு சலிச்சு வச்சுக்குவேன். ஜவ்வரிசி மரவள்ளி மாவுதானே, 100 கிராமுக்கு அரை கிராம் புரதம்கூட தேறாது. 60 கிராம் ஜவ்வரிசி மாவு, 15 கிராம் ராகி மாவு, ரெண்டையும் பச்சைத் தண்ணியில கட்டியில்லாம கரைச்சுக்கணும். சாதாரணக் களி மாதிரி கொதிக்கிற தண்ணியில மாவைக் கொட்டினீங்கன்னா கோந்து கோந்தா கட்டி விழுந்துடும், நான் ரெண்டு சட்டி வீணாக்கியிருக்கேன். கரைச்சதை அடுப்புல வச்சுக் கைவிடாம கிண்டணும். முதல்ல வெள்ளையும் பழுப்பும் கலந்து திப்பி திப்பியா இருக்கும், அப்புறம் கண்ணாடி மாதிரி மினுங்க ஆரம்பிக்கும். அப்ப ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, கையை நனைச்சு உருட்டிடுங்க. நிறம் ராகி நிறம்தான், வாசம் ராகி வாசம்தான், மொத்தத்துல புரதம் சுமார் 1 கிராம். தொட்டுக்க பருப்பில்லாத தக்காளிக் கடையல், இல்லன்னா சுரைக்காய்ப் புளிக்குழம்பு. தட்டுல எல்லாருக்கும் போல உருண்டை இருந்தா அழுகை நின்னுடும். என் மகளுக்கு அப்படித்தான் நின்னது.

கடையில மாவு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கார்ன்ஃப்ளவர்னு வெள்ளையா, தொட்டா கிரீச்னு இருக்கிறது வெறும் ஸ்டார்ச், அது நமக்கு ஆகும். மஞ்சளா இருக்கிற மக்காச்சோள மாவு வேற, அதுல புரதம் முழுசா இருக்கு. ரெண்டையும் ஒண்ணுன்னு கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். மரவள்ளிக் கிழங்கும் ஆகும், ஆனா கசக்கிற கிழங்கை ஒதுக்கிடுங்க. தோலை நல்லா எடுத்து, வேகவச்ச தண்ணியைக் கொட்டிடணும்.

ரத்தத்துல பீனைல்அலனின் அளவு ஒரு லேப்ல 8.4ன்னு கொடுத்தாங்க. இன்னொரு இடத்துல 508. பத்து நாள்ல இவ்வளவு ஏறுமா? கை கால் ஓடல. (ஊத்தங்கரை)

ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. முதல் ரிப்போர்ட்ல மில்லிகிராம் கணக்கு, ரெண்டாவதுல மைக்ரோமோல் கணக்கு, அலகுதான் வேற. 8.4ஐ 60.5ஆல பெருக்கிப் பாருங்க, 508 வரும். சின்னப் பிள்ளைங்களுக்கு 120லிருந்து 360க்குள்ள, அதாவது 2லிருந்து 6 மில்லிகிராமுக்குள்ள வைக்கணும்னு சொல்வாங்க. அதனால ஏறலைன்னாலும் கூடுதல்தான். டயட்டீஷியன்கிட்ட உடனே பேசுங்க. ரத்தம் எப்பவும் ஒரே நேரத்துல எடுங்க, எங்களுக்குக் காலையில முதல் ஃபார்முலாவுக்கு முன்னாடி எடுக்கச் சொல்லியிருக்காங்க.

மாமியார் எனக்குத் தெரியாம முட்டை ஊட்டிட்டாங்க. கேட்டா, "சத்தே இல்லாம பிள்ளையை வத்தப் போடுறே"ன்னு சண்டை. இப்ப என்ன பண்றது? (மொரப்பூர்)

முதல்ல பிள்ளை: ஒரு முட்டையில 6 கிராம் புரதம். ஒரு தடவையில மூளை கெட்டுப்போகாது. அதுக்காக மறுநாள் பட்டினி போட்டுடாதீங்க, பட்டினி கிடந்தா உடம்பு தன் தசையையே கரைச்சு அளவை இன்னும் ஏத்திடும். ஃபார்முலாவை ஒழுங்கா கொடுங்க. டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

அடுத்து மாமியார். இந்த "சத்து"ங்கிற வார்த்தைகூட நான் பட்ட பாடு கொஞ்சமில்ல. நம்ம பக்கம் சத்துன்னா முட்டை, வேர்க்கடலை, பருப்பு, பால். அத்தனையும் நம்ம பிள்ளைக்கு ஆகாதது. நான் சண்டை போட்டு ஜெயிக்கல. ஒரு நாள் எங்க அத்தையை உட்கார வச்சு ஃபார்முலா டப்பாவைத் திறந்து காட்டினேன். "அத்தை, முட்டையில இருக்கிற சத்து எல்லாம் இதுல இருக்கு, அந்த ஒரு விஷத்தை மட்டும் எடுத்துட்டாங்க"ன்னேன். பீனைல்அலனின் விஷமான்னு கேட்டா இல்லதான், ஆனா அவங்களுக்கு அப்படிச் சொன்னாதான் ஏறுச்சு. அன்னையிலிருந்து தராசுல நிறுக்கிற வேலையை அவங்ககிட்டயே கொடுத்துட்டேன். இப்ப நான் 2 கிராம் கூடப் போட்டாலும் திட்டு விழும்.

ஃபார்முலா நாத்தம் தாங்காம துப்புறா. ஒரு வேளைதான் குடிக்கிறா, அதுவே போதுமா? (பர்கூர்)

போதாது. நம்ம பிள்ளைக்கு மருந்து அதுதான். உடம்புக்கு வேண்டிய புரதத்துல பெரும்பங்கு அந்த டப்பாவிலிருந்துதான் வருது. நாளைக்கு மூணு, நாலு தடவையா பிரிச்சுக் கொடுக்கணும், மொத்தமா ஒரே தடவை ஊத்தினா உடம்பு பயன்படுத்திக்காது. நல்லா குளிர வச்சு, மூடி போட்ட டம்ளர்ல ஸ்ட்ரா போட்டுக் கொடுங்க, மூடியிருந்தா பாதி நாத்தம் தெரியாது. பவுடர்ல தண்ணியைக் குறைச்சுக் கூழாக்கி ஸ்பூன்ல ஊட்டினா என் மகள் சீக்கிரம் முடிச்சுடுவா, ஆனா கூடவே தண்ணி குடிக்க வைக்கணும். நீங்க மூஞ்சியைச் சுளிக்காதீங்க, அதை முதல்ல நிறுத்துங்க. நான் நானே ஒரு வாய் குடிச்சுட்டுச் சிரிக்கப் பழகினேன்.

நான் ஒரு பள்ளிக்கூட டீச்சர். ரெண்டாம் வகுப்புல இந்த நோயுள்ள பையன் இருக்கான். என்ன கவனிக்கணும்? (அரூர்)

கேட்டதுக்கே கும்பிடு போடணும் டீச்சர். சத்துணவு முட்டை, சுண்டல் ரெண்டும் வேண்டாம். காலை உணவுல வர்ற ரவை உப்புமா, பொங்கலையும் அவன் அம்மா அளவு சொல்லாம கொடுக்காதீங்க. வீட்டிலிருந்து வர்ற டப்பாவுல மிச்சம் இருந்தா கொட்டாம அப்படியே திருப்பி அனுப்புங்க, எவ்வளவு தின்னான்னு நிறுத்துப் பார்ப்பாங்க. பிறந்தநாள் மிட்டாயில சர்க்கரை மிட்டாய்னா பரவாயில்ல, கடலை மிட்டாய், சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாததுன்னு விக்கிற சூயிங்கம், டயட் கூல்டிரிங்க்ஸ்ல அஸ்பார்டேம் இருக்கும். அது உடம்புல உடைஞ்சா பீனைல்அலனின்தான். இந்த நோய்க்காரங்களுக்கு ஏத்ததில்லன்னு அட்டையிலயே பொடி எழுத்துல போட்டிருப்பாங்க.

இன்னொண்ணு. அவனைத் தனியா உட்கார வைக்காதீங்க. ஒட்டுற நோய் இல்ல இது.

காய்ச்சல் வந்தா அளவு ஏறும்ங்கிறாங்களே, அப்ப என்ன கொடுக்கிறது? (தேன்கனிக்கோட்டை)

ஏறும். சாப்பிடாம கிடந்தா உடம்பு தசையைக் கரைக்குது இல்லையா, அதனால. வயித்துக்குள்ள மாவும் சர்க்கரையும் போய்க்கிட்டே இருக்கணும். வெல்லம் போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி, நெய் விட்டு. இளநீர், பழச்சாறு. ஃபார்முலாவைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. சோத்து அளவைக் குறைக்கணுமா, எத்தனை நாளைக்குன்னு போன்ல கேட்டுக்கோங்க, நீங்களா நீட்டாதீங்க. காய்ச்சல் சிரப் வாங்கும்போதும் அஸ்பார்டேம் இருக்கான்னு மருந்துக்கடையில கேளுங்க.

நான் அக்கா மகளைக் கட்டினவன். அதனாலதான் இப்படின்னு ஊரே பேசுது. அடுத்த குழந்தைக்கும் வருமா? (வேப்பனப்பள்ளி)

நம்ம பக்கம் தாய்மாமனைக் கட்டாத குடும்பத்தை எண்ணித்தான் சொல்லணும், நானும் அத்தை மகனைக் கட்டினவதான். அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயும் அந்தப் பழுதான மரபணு ஒவ்வொண்ணு இருந்தாதான் பிள்ளைக்கு வரும். சொந்தத்துல கட்டினா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். அசல்ல கட்டினவங்க பிள்ளைக்கும் வந்திருக்கு. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலுல ஒரு பங்கு, 25 சதவீதம் வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துட்டதால அடுத்த மூணுக்கும் வராதுன்னு கணக்குப் போடாதீங்க, ஒவ்வொரு தடவையும் சீட்டு புதுசா குலுக்கப்படும். முதல் பிள்ளையோட மரபணுப் பரிசோதனையை இப்பவே முடிச்சு வச்சா அடுத்த கர்ப்பத்துலயே சோதிக்க முடியும். இல்லன்னா, பிறந்து 24 மணி நேரம் கழிச்சுக் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. இந்த நோயில சீக்கிரம் தெரிஞ்ச பிள்ளைக்கும் தாமதமா தெரிஞ்ச பிள்ளைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என் மகள் நாலு வயசுக்கு அப்புறம்தான் முழு வாக்கியம் பேசினா, இன்னைக்கும் கணக்குப் பாடம் தடுமாறும். அவளுக்குப் பின்னாடி பிறந்த தம்பிக்கு மூணாம் நாளே பார்த்துட்டோம், அவனுக்கு இல்ல.

டப்பா விலை கட்டுப்படி ஆகல. மாத்திரை வந்துடுச்சாமே? (ஒசூர்)

சாப்ரோப்டெரின்னு ஒரு மருந்து இருக்கு. எல்லாப் பிள்ளைக்கும் கேட்காது, கேட்குதான்னு முதல்ல சோதிப்பாங்க. கேட்டாலும் பலருக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு போயிடாது, கொஞ்சம் தளரும். பண உதவிக்கு, மத்திய அரசோட 2021 அரிய நோய்க் கொள்கையில பி.கே.யூ. இருக்கு. அதுக்கான உயர் சிறப்பு மையம் ஒண்ணு பெங்களூர்ல, மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி ஆஸ்பத்திரியும் சேர்ந்து நடத்துறது. உங்களுக்கு அது பக்கம். பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.

எத்தனை வயசு வரைக்கும் இந்தச் சாப்பாடு? (பாப்பிரெட்டிப்பட்டி)

கடைசி வரைக்கும். முன்னாடி பள்ளிக்கூட வயசுல நிறுத்தியிருக்காங்க. அப்புறம் கவனம் சிதறல், பதட்டம், படிப்புல சறுக்கல்னு வந்ததும் மாத்திக்கிட்டாங்க. உங்களுக்குப் பொண்ணு பிள்ளைன்னு எழுதியிருக்கீங்க. அவ கல்யாணம் ஆகி, கர்ப்பம் ஆகுறதுக்கு முன்னாடியே அளவு கட்டுக்குள்ள இருக்கணும். இல்லன்னா, வயித்துல இருக்கிற பிள்ளைக்கு இந்த நோயே இல்லன்னாலும் தலை சின்னதாகவோ இதயத்துல கோளாறோடயோ பிறக்கலாம். என் மகளுக்கு இதை இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.

மாம்பழ சீசன் வந்துடுச்சு. தோட்டத்துக்குள்ளயே வீடு. கணக்கு உண்டா? (காவேரிப்பட்டணம்)

சந்தோஷமான கேள்வி இது ஒண்ணுதான். 100 கிராம் மாம்பழத்துல புரதம் 1 கிராம்கூட இல்ல, பல இடங்கள்ல கணக்குல சேர்க்காமலே விடுறாங்க. எங்க டயட்டீஷியனும் விட்டுட்டாங்க, உங்களவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. பெங்களூரா, செந்தூரா, எது விழுந்தாலும் தின்னட்டும். மில்க் ஷேக் மட்டும் வேண்டாம், அதுல பால் இருக்கு. எங்க வீட்ல மே மாசம் முழுக்க மகள்தான் ராணி. தம்பி ஒரு பழம் கேட்டா, "இது என் சாப்பாடு, நீ போய் முட்டை தின்னு"ன்னு விரட்டுவா.