நாள் முழுக்கப் படிக்கிறாள், மதிப்பெண் ஏறவில்லை: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்துகிற குரூப் 4, குரூப் 2 தேர்வுகளுக்கு என்று தயாராகிறாள், விடியற்காலை எழுந்து ராத்திரி பதினொரு மணி வரை புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறாள், ஆனாலும் 2024 குரூப் 4-இல் வாங்கிய மதிப்பெண்ணும் 2025-இல் வாங்கியதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் "அவளுக்கு ராசி இல்லையோ" என்றும் கேட்டிருந்தீர்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு வருடம் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு ஒழுக்கமும் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது, அவற்றைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அந்த மணி நேரமெல்லாம் எங்கே போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய அவளுடைய தினசரி அட்டவணையைப் பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

முதலில் குறிக்கோள். "அரசு வேலை வாங்கணும்" என்பது ஆசை. நியாயமான ஆசை, ஆனால் காலையில் எழுந்ததும் என்ன செய்வது என்று அது சொல்லாது. இன்னொன்று, அது முழுக்க அவள் கையிலும் இல்லை. 2025 குரூப் 4 அறிவிக்கை வந்தபோது இருந்தவை 3,935 இடங்கள், பிறகு கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கு மேல். அறிவிக்கையில் இருந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஓர் இடத்துக்கு 330 பேருக்கு மேல். இடங்கள் எத்தனை வரும், எப்போது வரும், கட்-ஆஃப், அதாவது வேலை கிடைக்கிற கடைசி மதிப்பெண், எங்கே நிற்கும் என்பதெல்லாம் நம் வீட்டுக்குள் முடிவாகிற விஷயம் இல்லை. நம் வீட்டுக்குள் முடிவாகிறது ஒன்று உண்டு: இந்த மாதக் கடைசியில் போன மாதத்தைவிட எத்தனை கேள்விகள் கூடுதலாகச் சரியாகப் போடுகிறாள் என்பது. குறிக்கோளை அங்கேதான் வைக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் அவள் வாங்கிய மொத்த மதிப்பெண் இருக்கிறது, பகுதி வாரியாக எவ்வளவு என்பது இல்லை. இது நீங்கள் மட்டும் செய்வது இல்லை, என்னிடம் வருகிற பெற்றோர் பலரும் மொத்தத்தைத்தான் சொல்கிறார்கள். குரூப் 4 தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் மனத்திறனும். கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், தவறான விடைக்குக் கழிப்பது கிடையாது. தமிழில் 150-க்கு 60 வாங்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதாவது பாதித் தாள் தமிழ். உங்கள் மகளின் அட்டவணையில் தமிழுக்கு ஒதுக்கியிருப்பது ராத்திரி சாப்பிட்ட பிறகு வருகிற ஒரு மணி நேரம், அதுவும் தூக்கம் சொக்குகிற நேரம். நடப்பு நிகழ்வுகளுக்குக் காலையில் இரண்டு மணி நேரம். நடப்பு நிகழ்வுகள் அந்த 75 கேள்விக்குள் ஒரு சின்னப் பங்குதான், அறிவியல், புவியியல், வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம், தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகம் என்று மற்ற எல்லாமும் அதே 75-க்குள்தான் வருகின்றன. தலை தெளிவாக இருக்கிற காலை நேரம் சின்னப் பங்குக்குப் போகிறது, 150 மதிப்பெண்ணுக்குக் களைத்துப்போன நேரம் கிடைக்கிறது. மதிப்பெண் அசையாமல் நிற்பதற்கு இது ஒன்றே போதும்.

இனி வருவதை அவளிடமும் படித்துக் காட்டுங்கள், அவளுக்காகவும்தான் எழுதுகிறேன்.

நீ செய்கிற வேலைகளில் பாதி படிப்பு மாதிரியே இருக்கும், ஆனால் படிப்பு இல்லை. சமச்சீர் புத்தகத்தை எடுத்து ஊதாப் பேனா, பச்சைப் பேனா என்று நிறம் நிறமாக நோட்டில் எழுதுவதைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அச்சடித்த புத்தகமே கையில் இருக்கும்போது அதைத் திரும்பவும் கையால் எழுதி ஆறு நோட்டு நிரப்புவதால் கை வலிக்கும், மனதுக்கு ஒரு திருப்தியும் வரும், ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் பாடத்தில் பத்துக் கேள்வி கேட்டால் நாலுக்குத்தான் பதில் வருகிறது. குறிப்பு எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பாடத்தைப் படி, புத்தகத்தை மூடு, நினைவில் இருப்பதைச் சொல்லிப் பார் அல்லது ஒரு தாளில் கிறுக்கு, அப்புறம் திறந்து பார்த்து விட்டுப்போனதை மட்டும் எழுதி வை. நோட்டு கால்வாசிக்குக் குறையும், அந்தக் கால்வாசி முழுக்க உனக்குத் தெரியாதவையாக இருக்கும். தேர்வுக்கு முந்தின வாரம் புரட்டுவதற்கு அதுதான் வேண்டும்.

அடுத்தது டெலிகிராம். ஏழெட்டுக் குழுவில் இருக்கிறாய் என்று அம்மா எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் தினமும் பி.டி.எஃப். வருகிறது, நீயும் இறக்கி வைக்கிறாய், பிறகு படிக்கலாம் என்று. அந்தப் பிறகு வருவதே இல்லை, போன் நிறைவதுதான் மிச்சம். அதைவிடப் பெரிய சேதம் அந்தக் குழுக்களில் நடக்கிற பேச்சு: இந்த முறை கட்-ஆஃப் என்ன, அறிவிக்கை தள்ளிப்போகுமா, கேள்வித்தாள் கடினமா, யார் எத்தனை போட்டார்கள். ஒரு மணி நேரம் இதைப் படித்தால் அன்றைய பயம் இரட்டிப்பாகும், ஒரு கேள்விகூடக் கூடுதலாகத் தெரிந்திருக்காது. அறிவிக்கையும் ஆண்டுத் திட்டமும் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே வருகின்றன, வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஒரே ஒரு குழுவை வைத்துக்கொள், மற்றவற்றிலிருந்து இன்றைக்கே வெளியே வா.

வீடியோவும் அப்படித்தான். புரியாத பாடத்துக்கு ஒரு வீடியோ பார்ப்பது நல்லது. ஏற்கெனவே தெரிந்த பாடத்துக்கு மூன்றாவது ஆசிரியர் எப்படி நடத்துகிறார் என்று பார்ப்பது பொழுதுபோக்கு. கணக்குப் படித்த பெண் நீ, தனி வட்டிக்கும் மீச்சிறு பொது மடங்குக்கும் வீடியோ எதற்கு? அந்த 25 கேள்விகளில் உனக்குப் பதினாறு, பதினேழு வருகிறதென்றால் குறை கணக்கில் இல்லை, வேகத்திலும் கவனத்திலும்தான் இருக்கும். பேனாவை எடுத்து நேரம் வைத்துப் போட்டால்தான் அது சரியாகும்.

இன்னொன்றும் கவனித்தேன். குரூப் 4, குரூப் 2 போக, வங்கித் தேர்வு, ரயில்வே, மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்து வைத்திருக்கிறாய். எதையும் விட்டுவிடக் கூடாது என்கிற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இவை ஒரே படிப்பில் முடிகிற தேர்வுகள் இல்லை. வங்கி எழுத்தர் முதல்நிலையில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி, அதில் ஆங்கிலமும் உண்டு, தவறுக்குக் கால் மதிப்பெண் போகும், அது முழுக்க வேகத்தின் விளையாட்டு. குரூப் 4-இல் புத்தகத்தில் இருந்த வரி நினைவில் இருக்கிறதா என்பதே பாதிக்கு மேல். தெரியாத கேள்வியை விட்டுவிட்டு நகர்வது வங்கித் தேர்வில் புத்திசாலித்தனம், குரூப் 4-இல் தெரியாததையும் யோசித்து ஒரு விடையைக் குறிப்பதே லாபம். இரண்டு பழக்கத்தையும் ஒரே மாதத்தில் வளர்த்தால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும். குரூப் 4-ஐயும் குரூப் 2-ஐயும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம், பாடம் நிறைய ஒத்துப்போகும், ஆனால் குரூப் 2-இல் முதல்நிலைக்குப் பிறகு முதன்மைத் தேர்வு என்று இரண்டாவது கட்டமும் இருக்கிறது என்பதை மறக்காதே. மற்றவற்றை இந்த ஒரு வருடத்துக்கு ஒதுக்கி வை. எதை விடுவது என்று முடிவு எடுக்கிற இடத்தில்தான் பிள்ளைகள் அழுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன், இருந்தாலும் அந்த முடிவை எடுத்தவர்களுக்குத்தான் மாதக் கடைசியில் எண் நகர்கிறது.

சரி, விட்ட நேரத்தை என்ன செய்வது? தேர்வாணையத்தின் தளத்தில் பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் கிடைக்கின்றன, காசு கொடுத்து எந்த டெஸ்ட் பேட்சிலும் (மாதிரித் தேர்வு வகுப்பிலும்) சேர வேண்டாம், முதலில் அவற்றைத் தீர்த்துவிடு. நீ எழுதாத ஒரு தாளை எடு. 2022 குரூப் 4 எழுதவில்லை என்றால் அதுவே சரியாக இருக்கும். உண்மையான தேர்வு நடக்கிற நேரத்திலேயே, காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து பன்னிரண்டரைக்கு எழு. விடைகளை வட்டமாக நிரப்புகிற ஓ.எம்.ஆர். தாளை நகல் எடுத்து அதில்தான் வட்டத்தை நிரப்ப வேண்டும். 200 வட்டம் நிரப்புவதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதே பலருக்கு அரங்கில்தான் தெரிகிறது. திருத்தும்போது தவறானவற்றை மூன்றாகப் பிரி: பாடமே தெரியாதது, படித்தும் மறந்தது, தெரிந்தும் அவசரத்தில் தப்பாகக் குறித்தது. முதலாவதற்குப் படிப்பு வேண்டும், இரண்டாவதற்குத் திருப்புதல், மூன்றாவதற்கு நேரம் வைத்த பயிற்சி. மூன்றுக்கும் ஒரே மருந்தாக "இன்னும் நிறையப் படிக்கணும்" என்று சொல்லிக்கொண்டதில்தான் இரண்டு வருடம் போயிருக்கிறது.

இந்தக் கணக்கிலிருந்துதான் குறிக்கோள் பிறக்க வேண்டும். தமிழில் இலக்கணத்தில் பன்னிரண்டு தப்பு என்று வந்தால், "அடுத்த பதினைந்து நாளில் ஆறு முதல் எட்டு வரை இலக்கணப் பகுதியை முடிக்கிறேன், பதினாறாம் நாள் வேறொரு பழைய தாளின் இலக்கணக் கேள்விகளை மட்டும் போட்டுத் தப்பை ஐந்துக்குள் கொண்டுவருகிறேன்" என்று எழுது. தேதி இருக்க வேண்டும், எண் இருக்க வேண்டும், ராத்திரி படுக்கும்போது இன்றைக்குச் செய்தேனா இல்லையா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிய வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் வைக்காதே. சுவரில் ஒட்டிய அந்தப் பதினெட்டு வரி அட்டவணையைக் கழற்றிவிடலாம், அதை ஒருநாள்கூட முழுதாக முடித்ததில்லை என்பதால் தினமும் குற்ற உணர்ச்சியோடுதான் தூங்கப் போகிறாய்.

இனி மறுபடியும் உங்களுக்கு, அம்மா. கொஞ்சம் கடினமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து படிக்கிற பெண்பிள்ளையை வீட்டில் சும்மா இருக்கிறவளாகத்தான் நம் வீடுகள் நடத்துகின்றன. ரேஷன் கடைக்கு அவள், கேஸ் சிலிண்டர் வந்தால் கதவைத் திறக்க அவள், தம்பிக்குச் சாப்பாடு போட அவள், வளைகாப்பு, காதுகுத்து என்றால் "நீ வீட்லதானே இருக்க, வா" என்று அவள். ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலைதான். ஆனால் படிப்பிலிருந்து எழுந்து போய்விட்டு வந்து மறுபடி அந்த இடத்தைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரையும், பிற்பகலில் இரண்டு மணி நேரமும் அவளை யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் சொன்னால் திமிராகப் படும், நீங்கள் சொன்னால் விதியாகிவிடும். ஐந்து மணி நேரம் இப்படிக் கிடைத்தால், இப்போதைய பதினான்கு மணி நேரத்தைவிட அதிகம் முடியும். வீட்டில் அமைதி இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்புங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கிறது, கேட்டுப் பாருங்கள். உறவினர்கள் "என்னம்மா, இன்னும் ரிசல்ட் வரலையா" என்று கேட்கிறபோது அவளைப் பதில் சொல்ல விடாமல் நீங்கள் முன்னால் நில்லுங்கள்.

அப்புறம், தட்டச்சு. அவள் கற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குரூப் 4-இலேயே தட்டச்சர் பணியிடங்கள் இருக்கின்றன, அதற்குத் தமிழ், ஆங்கிலத் தட்டச்சுச் சான்றிதழ் வேண்டும் என்பதால் போட்டி போடுகிறவர்கள் குறைவு, அதனால் கட்-ஆஃப் பொதுவாக இளநிலை உதவியாளரைவிடக் கீழேதான் நிற்கும். பக்கத்து இன்ஸ்டிட்யூட்டில் தினம் ஒரு மணி நேரம் போனால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற தேர்வை எழுதலாம். ஒரே மதிப்பெண்ணுக்கு இன்னொரு கதவும் திறக்கும். டெலிகிராமிலிருந்து மீட்ட நேரத்தை வைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை, தனியார் அலுவலகத்துக்கும் அந்தச் சான்றிதழ் வீண் போகாது.

எவ்வளவு நாள் முயற்சி செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். அதை இப்போதே, அவள் சோர்ந்துபோகாத ஒரு நாளில், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒரு தேதியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த குரூப் 4 வரை முழு நேரம், அது முடிந்ததும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது, அல்லது பி.எட்.-இல் சேர்வது, இப்படி ஏதாவது ஒன்று. இதைப் பேசினால் அவள் மனது உடைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். முடிவு தேதி இல்லாமல் படிக்கிற பிள்ளைக்குத்தான் ஒவ்வொரு தேர்வும் வாழ்வா சாவா என்று ஆகிறது, மாற்று வழி ஒன்று கையில் இருக்கிறது என்று தெரிந்தவள் அரங்கில் நடுங்காமல் எழுதுவாள். வயதைப் பற்றியும் அவசரப்படாதீர்கள், அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பழைய தாளை எழுதச் சொல்லுங்கள். அந்த மூன்று மணி நேரமும் அவள் போன் உங்களிடம் இருக்கட்டும், வாசல் மணி அடித்தால் நீங்களே போய்ப் பாருங்கள். திருத்திய பிறகு தமிழில் எத்தனை, பொது அறிவில் எத்தனை, கணக்கில் எத்தனை என்று தனித்தனியாகவும், அந்த மூன்று வகைத் தப்புகளில் எது எத்தனை என்றும் எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு முதல் பதினைந்து நாளுக்கு என்ன வைப்பது என்று அவளிடமே பேசுகிறேன்.