15 லிட்டர் நல்லெண்ணெய் எத்தனை கிலோ? லிட்டரைக் கிலோவாக மாற்றுவது எப்படி?

லிட்டரை 0.91 ஆல் பெருக்கினால் கிலோ, கிலோவை 0.91 ஆல் வகுத்தால் லிட்டர். நீங்கள் கேட்ட 15 லிட்டர் சுமார் 13.65 கிலோ வரும். கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எல்லாவற்றுக்கும் இதே கணக்குப் போடலாம். 0.92 என்று சொல்பவர்களும் தப்பில்லை, எண்ணெய்க்கு எண்ணெய் கொஞ்சம் மாறும். ஆய்வகத்துக்குப் போகப் போவதில்லை, சமையலுக்கும் வியாபாரத்துக்கும் இது போதும்.

15 என்று கேட்டிருப்பதால் டின் வாங்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். கடையில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் கிலோ டின்னில் ஏறக்குறைய பதினாறரை லிட்டர் எண்ணெய் இருக்கும்.

நான் வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறேன். போன மாங்காய் சீசனில், வழக்கமாக வாங்கும் மொத்தக் கடையில் "டின்னுக்கு முந்நூறு ரூபா கம்மிக்கா" என்றார்கள். டின்னைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 15 லிட்டர். எப்போதும் வாங்குவது 15 கிலோ. கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான்க்கா, பதினஞ்சுன்னா பதினஞ்சு" என்றார் கல்லாவில் இருந்தவர். அவர் தராசிலேயே வைக்கச் சொன்னேன். ஓரமாகக் கிடந்த காலி டின்னை முதலில் நிறுத்துக் கழித்துவிட்டு, நிறை டின்னை ஏற்றினோம். பதின்மூன்றரைக்குச் சற்று மேலே நின்றது. கிலோ 350 ரூபாய் என்று வைத்தாலும் 470 ரூபாய் எண்ணெய் குறைகிறது. இதில் 300 ரூபாய் கம்மி என்றால் யாருக்குக் கம்மி? கிலோ டின்தான் எடுத்து வந்தேன்.

இதற்குப் போய் கடையில் நின்று பேசுவதா என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். ஊறுகாயில் பெரிய செலவே எண்ணெய்தான். மாங்காய்க்கு மேல் ஒரு விரல்கடை எண்ணெய் நிற்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். கிலோ மாங்காய்க்குக் கால் கிலோ எண்ணெய் என்றால் அது 275 மில்லி. கால் லிட்டர் ஊற்றினால் 25 மில்லி குறையும். அதனால் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, எடை போட்டேதான் ஊற்றுவேன்.

பாக்கெட் வாங்கினாலும் எடையைப் பாருங்கள். எண்ணெய் சூட்டில் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 893 கிராம்தான். சில கம்பெனிகள் 60 டிகிரி என்று போட்டே லிட்டர் கணக்கை ஒப்பேற்றின. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிக்காமல் அளவோடு எடையையும் போடச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் தெளிவானது.

அளவை எடையாக மாற்றுவது என்றதும் கூரியர்காரர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000 ஆல் வகுத்து, அதுதான் எடை என்கிறார்கள். 40, 30, 25 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 6 கிலோவுக்குக் காசு. உள்ளே நாலு கிலோ ஊறுகாய்கூட இருக்காது. சுற்றிலும் பேப்பர் திணிக்காமல் கண்ணாடி பாட்டிலை எப்படி அனுப்புவதாம்?