மெடிக்கல்ல பயிற்சி எடுக்கிறவங்களுக்கு: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வச்சிருக்கேன், பதிவு பெற்ற பார்மசிஸ்ட். டி.பார்ம் (பார்மசி டிப்ளமா) படிக்கிறவங்க மருந்துக்கடையில எடுக்க வேண்டிய பயிற்சி பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அம்பாசமுத்திரம் தம்பி: அண்ணாச்சி, கடைக்கு வராமலே பயிற்சிப் படிவத்துல கையெழுத்து போட்டுத் தாரேன்னு ஒருத்தர் சொல்லுதார். வாங்கிக்கிடவா?

வேண்டாம் தம்பி. பயிற்சி 500 மணி நேரம், மூணு மாசத்துக்குக் குறையக் கூடாது. டி.பார்ம் படிப்புக்கான பழைய 1991 விதியில் அதுல 250 மணி நேரம் டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்கிறதுக்குன்னே ஒதுக்கியிருந்தது. என் கடையில் இதுவரை ஒருத்தரும் வந்து மணிக்கணக்கை எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பதிவே கிடைக்குது. போன வருஷம் என்கிட்ட பயிற்சிக்கு வந்த ஒரு பையன், கிளிமிபிரைடுங்கிற சுகர் மாத்திரைச் சீட்டுல ‘ஓடி’ன்னு (OD, ஒரு வேளை) இருந்ததை ‘பிடி’ன்னு (BD, ரெண்டு வேளை) வாசிச்சு, கவர்ல காலை, ராத்திரின்னு எழுதிட்டான். ஒரு வேளை மாத்திரையை ரெண்டு வேளை போட்டிருந்தா அந்தப் பெரியவர் சுகர் இறங்கி விழுந்திருப்பார். நான் பக்கத்துல நின்னதால தப்பைப் பிடிச்சேன். கையெழுத்தை விலைக்கு வாங்கினவன் பக்கத்துல யார் நிப்பா?

வள்ளியூர்: எங்க கடையில பார்மசிஸ்ட் ஒருத்தர்தான். எத்தனை பேரைச் சேர்க்கலாம்?

பழைய 1991 விதியில ரெண்டு பேர்னு இருந்தது. கூடுதலா இருக்கிற ஒவ்வொரு பார்மசிஸ்டுக்கும் ஒருத்தர். ஒரே நேரத்துல ஆறு பேருக்குக் கையெழுத்து போட்ட கடையைப் படிவங்களை அடுக்கி வச்சாலே கண்டுபிடிச்சிரலாம். அடுக்க ஆள் வேணும், அவ்வளவுதான்.

சங்கரன்கோவில்: 18 வருஷமா கவுண்டர்ல நிக்கேன். அனுபவத்தை வச்சுப் பதிவு கிடைக்குமா?

கிடைக்காது வே. 1948 மருந்தியல் சட்டம் வந்த புதுசுல, ஆஸ்பத்திரியில அஞ்சு வருஷம் மருந்து கலக்கின கம்பவுண்டர்களையும் முதல் பதிவேட்டுல சேர்த்தாங்க. அது பழைய காலத்துக்கான ஏற்பாடு. இப்போ படிச்சுத்தான் ஆகணும்.

எக்ஸிட் தேர்வு கஷ்டமா?

டி.பார்ம் முடிச்சவங்க பதிவுக்கு முன்னாடி எழுதுற தேர்வு அது, 2022-ல விதி வந்தது. 3 தாள், ஒவ்வொண்ணுலயும் 50 சதவீதம். கவுண்டர்ல நிஜமா நின்னவங்களுக்குப் பயமில்லை.

தென்காசி அம்மா: மகளை அட்டைப்பெட்டி பிரிக்கவும் டீ வாங்கவும்தான் வைக்காங்க.

பெட்டி பிரிச்சு ராக்குல அடுக்குறது பாடம்தான்மா, மருந்தைப் பாதுகாக்கிறதும் பயிற்சியில சேர்ந்தது. டீ சேராது. எச்1 பதிவேட்டை, அதாவது கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 பட்டியல் மருந்துகளை வித்த கணக்கை, எழுதக் கேக்கச் சொல்லுங்க: டாக்டர் பேர், முகவரி, நோயாளி பேர், மருந்து, எண்ணிக்கை. மூணு வருஷம் வச்சிருக்க வேண்டிய நோட்டு அது. ராத்திரி கரண்ட் போயிருந்தா, காலையில இன்சுலின் இருக்கிற பிரிட்ஜ் 2லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கான்னு முதல்ல அவதான் பார்க்கணும். அதுக்கும் விடலைன்னா கடையை மாத்துங்க. மாத்துறதுக்கு முன்னாடி காலேஜுக்கு எழுதிக் கொடுத்திருங்க, இதுவரை பார்த்த மணி நேரம் வீணாப் போயிரக் கூடாது.