சோற்றை விடாமல் எடை குறையுமா?

கேள்வி: அரிசிச் சோறு சாப்பிட்டுக்கொண்டே உடல் எடையைக் குறைக்க முடியுமா? அப்படிக் குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

முடியும். நான் குறைத்திருக்கிறேன். 84 கிலோவிலிருந்து 73-க்கு வரப் பதினொரு மாதம் ஆனது. அதற்கு முன்னால் இரண்டு முறை முயன்று தோற்ற கதையும் உண்டு.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. உயரம் 168 செ.மீ. காலையில் சீட்டில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணி வரை அங்கேதான். 43 வயதில் வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் எடுக்கப் போய், கல்லீரலில் கொழுப்பு, முதல் கிரேடு என்று வந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. அது 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை வியாதியின் வாசல்படியில் நிற்கிறோம் என்று அர்த்தம். டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "பத்து சதவீதம் எடையைக் குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

முதல் தோல்வி பேலியோ, அதாவது சோறு, தானியம் எல்லாவற்றையும் அறவே விட்டுவிடும் உணவுமுறை. ஃபேஸ்புக்கில் எல்லோரும் பாதாம் எண்ணிக்கொண்டிருந்த காலம். முதல் வாரத்திலேயே மூன்று கிலோ இறங்கியது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர் என்று. உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்கிறது. ஒவ்வொரு கிராமும் கூடவே சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் அந்த இருப்பு கரைந்து தண்ணீரும் போய்விடும். ஆறாவது வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து சோற்றை ஒதுக்கிவைக்க என்னால் முடியவில்லை. விட்டது எல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. பேலியோ தப்பு என்று சொல்லமாட்டேன், அதில் நன்றாக இளைத்த நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு வாழ்நாள் முழுக்க ஒத்துவராது, அவ்வளவுதான்.

இரண்டாவது சிறுதானியம். வரகு, தினை, சாமை என்று மாற்றினோம். இங்கே செய்த தப்பு வேடிக்கையானது. "இது உடம்புக்கு நல்லது" என்ற நம்பிக்கையிலேயே ஒரு கரண்டி சேர்த்துப் போட்டுச் சாப்பிட்டேன். வேகவைக்காத நிலையில் 100 கிராம் அரிசியில் கிட்டத்தட்ட 350 கலோரி. வரகும் தினையும் கம்பும் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. நார்ச்சத்து கூடுதல், வயிறு சீக்கிரம் நிறையும், அது உண்மை. ஆனால் நிறைந்த பிறகும் சாப்பிடுகிறவனுக்கு வரகு என்ன செய்யும்?

மூன்றாவது முறை தொழில் புத்தி வேலை செய்தது. செலவைக் குறைக்கும் முன்னால் செலவு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாமா? ஒரு கிச்சன் தராசு வாங்கினேன். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிற தூரம்தான். ஒரு நாள் வழக்கம்போலச் சாப்பிட்டேன், ஒவ்வொரு சுற்றிலும் தட்டை மட்டும் தராசில் வைத்து எடுத்தேன். வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

குழம்புக்கு 220 கிராம் சோறு. ரசத்துக்கு 150. தயிருக்கு 130. ஆக அரைக் கிலோ. வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி என்றால், சோறு மட்டும் 650.

அப்போதுதான் உறைத்தது. பிரச்சினை சோறு இல்லை, சுற்று. நம் சாப்பாட்டு முறையே குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, தயிருக்கு ஒரு தடவை என்று சோற்றை மூன்று முறை தட்டுக்குக் கொண்டுவருகிறது. முதல் சுற்றிலேயே எனக்குப் பசி அடங்கிவிடும். மற்ற இரண்டும் பழக்கத்துக்குப் போவது. காய்க்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: தொடுகறி. அதைத் தொட்டுக்கொள்ளத்தான் செய்கிறோம், சாப்பிடுவதில்லை.

நான் செய்தது இதுதான். குழம்புக்கு மட்டும் சோறு, 200 கிராம். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுவேன். தயிருக்குப் பதில் மோர், அதுவும் டம்ளரில். பொரியலோ கூட்டோ இரண்டு கரண்டிக்குப் பதில் ஒரு கிண்ணம் நிறைய. கூடவே ஒரு முட்டை, அல்லது கொள்ளு. எங்கள் பக்கம் கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் இல்லாத வீடு கிடையாது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். கொள்ளு போய்க் கொழுப்பைக் கரைத்துவிடாது. 100 கிராமில் 22 கிராம் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் நிறைய. மத்தியானம் கொள்ளு சாப்பிட்டால் நாலு மணிக்குக் கை பஜ்ஜியைத் தேடாது. என் அனுபவத்தில் பழமொழி வேலை செய்வது அப்படித்தான்.

அரிசிம்பருப்பு சாதம் செய்கிற நாளில் இந்தத் திட்டம் எதுவும் நடக்காது. ஒரே பாத்திரம், மேலே நெய், எந்தச் சுற்றை எங்கே நிறுத்துவது?

அடுத்து டீ. கம்பெனியில் நாள் முழுக்க நாலு டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன், 40 கிராம் சர்க்கரை. மாதத்துக்கு ஒரு கிலோ சர்க்கரையை நான் ஒருவனே டீயில் குடித்திருக்கிறேன். அதை ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டு டீ, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன். பத்து நாள் கழுநீர் மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

எண்ணெய்தான் கண்ணுக்குத் தெரியாத செலவு. வீட்டில் நாலு பேர், மாதம் ஐந்து லிட்டர் ஓடியது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், கிராமுக்கு 9 கலோரி, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மாதம் மூன்று லிட்டர் என்று பட்ஜெட் போட்டோம். தாளிப்புக்கு ஸ்பூன் வைத்தோம், பூரி மாதம் ஒரு முறை என்று ஆனது. சண்டை வந்தது இதற்கு மட்டும்தான்.

சோற்றுக்குப் பதில் ராத்திரி சப்பாத்தி சாப்பிடுகிறேன் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தி எண்ணெய் இல்லாமலே 100 கலோரி பக்கம் வரும். எண்ணெய் விட்டு நாலு சாப்பிட்டு, குருமாவும் ஊற்றிக்கொண்டால் சோறே தேவலை.

நடை போனீர்களா என்று கேட்பீர்கள். போனேன், போகிறேன். காலையில் ஐந்து கிலோமீட்டர். ஆனால் எடை குறைந்ததற்கு நடையைக் காரணமாகச் சொல்ல மனம் வரவில்லை. என் கனத்துக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் 300 கலோரி போனாலே பெரிது. எங்கள் ஊரில் டீக்கடை என்றால் பேக்கரிதான். நடந்து முடித்துவிட்டு ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டால் கணக்கு நேர். என்னோடு நடக்கும் இரண்டு பேர் மூன்று வருஷமாக அந்த பன்னைத் தாண்டவில்லை, எடையும் அசையவில்லை. இடுப்புவலி போனதும் தூக்கம் நன்றாக வருவதும்தான் நடையால் எனக்குக் கிடைத்த லாபம்.

கணக்குப் பிள்ளையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்பார்கள். அதை வைத்துப் பார்த்தால் எனக்கு இருபது கிலோ இறங்கியிருக்க வேண்டும். பதினொன்றுதான் இறங்கியது. டேலி ஆகவில்லை. உடம்பு சிறுத்தால் அதற்குத் தேவையான தீனியும் குறைந்துவிடுகிறது என்பது ஒரு காரணம். விசேஷ வீட்டுப் பந்திகளை நான் கணக்கில் எழுதாதது இன்னொரு காரணம். 76-ல் இரண்டு மாதம் முள் நகரவே இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போனது, அதனால்தான் விடாமல் இருந்தேன்.

இளைக்க ஆரம்பித்ததும் பார்க்கிறவர்கள் கேட்ட முதல் கேள்வி "சுகரா?" என்பதுதான். அம்மா ஒரு படி மேலே. "என்ன கண்ணு, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு, யாருக்கும் தெரியாம ஏதும் வைத்தியம் பாக்கறியா?" என்று தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். ரிப்போர்ட்டைக் காட்டித்தான் சமாதானம் செய்தேன். சர்க்கரைச் சராசரி 5.6.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள். சோற்றைத் திடீரென்று பாதியாக்கி மருந்தை மட்டும் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

73-க்கு வந்தும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு) 25.9. நம் ஊர்க்காரர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை என்கிறார்கள், ஆக நான் இன்னும் குண்டுதான். பொங்கலுக்குப் பிறகு பார்த்தபோது 74.5 காட்டியது. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்புக்குத் தராசு எடுப்பதில்லை என்று வீட்டில் ஒப்பந்தம். அதனால் திங்கள், செவ்வாய் எடை பார்ப்பதில்லை. புதன்கிழமைதான் பார்ப்பேன்.