யூதர்கள் எடுத்ததற்கெல்லாம் நன்றி சொல்வது வெறும் சடங்குதானே?

சடங்குதான், மறுக்கவில்லை. அந்த 'வெறும்' மட்டும் உறுத்துகிறது. உங்கள் வீட்டிலும் யாரோ பெரியவர் கடனே என்று மந்திரம் முணுமுணுப்பதைப் பார்த்துச் சலித்துப்போய்க் கேட்கிறீர்கள் போல.

இஸ்ரேலில், பினெய் பிராக் நகரில், முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். 'சாபா' என்று கூப்பிடுவேன், தாத்தா என்று அர்த்தம். காலையில் கண் விழித்ததும், உயிரைத் திருப்பித் தந்ததற்குக் கடவுளுக்கு நன்றி. ரொட்டிக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, ரொட்டி சாப்பிட்டு முடித்ததும் நீளமாக ஒன்று. தினம் 100 சொல்ல வேண்டும் என்று தல்மூத் என்ற யூத மத நூலில் ரபி, அதாவது மதகுரு, மெயிர் சொல்லியிருக்கிறார்.

கழிப்பறைக்குப் போய் வந்தாலும் உண்டு. அந்த வாசகத்தைச் சட்டம் போட்டு வெளியே மாட்டியிருந்தார்கள். உடம்பில் இத்தனை துவாரங்களைப் படைத்திருக்கிறாய், இதில் ஒன்று அடைத்துக்கொண்டாலோ, மூட வேண்டியது திறந்துகொண்டாலோ பிழைத்திருக்க முடியாது என்று வரும். சாபா அதைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போவார்.

அப்புறம் அவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன். சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு முதல் முறை தானாகப் போய்விட்டு வந்தார். இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வாஷ்பேசினைப் பிடித்தபடி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். 'அடைத்துக்கொண்டால்' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. வாயில் தினமும் புழங்கிய சொல் என்பதால்தான் அன்றைக்குத் தேடாமல் வந்தது. முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கும் நன்றி சொன்னார்.

எதற்கு எனக்கு என்றேன். யூதர்களின் தீர்க்கதரிசி மோசே குழந்தையாக இருந்தபோது நைல் நதி அவரைக் காப்பாற்றியது, அதனால்தான் பின்னாளில் எகிப்தைத் தண்டிக்க அதை ரத்தமாக மாற்றியபோது அவர் அண்ணன் ஆரோன் கோலை ஓங்கினார், மோசே அடிக்கவில்லை என்று அவர்கள் ரபிகள் சொல்லும் விளக்கத்தைச் சொன்னார். தண்ணீருக்கே அவ்வளவு என்றால் தூக்கி நிறுத்துகிற உனக்குச் சொல்ல வேண்டாமா என்றார்.

மதம் மாறிவிட்டாயா, இஸ்ரேலுக்கு வக்காலத்தா என்று யாரும் கிளம்ப வேண்டாம். அரசியல் வேறு, நான் பார்த்த மனிதர் வேறு. எல்லா யூதர்களும் இப்படி என்றும் சொல்லவில்லை. டெல் அவீவில் இதையெல்லாம் விட்டவர்கள் ஏராளம், சாபாவின் மகனே சொல்லமாட்டார்.

என்னை அனுப்பிய ஏஜென்ட்தான் ஊருக்கு வரும்போதெல்லாம் "நன்றி மறக்காதே" என்கிறார். நான் வட்டிக்கு வாங்கி அவரிடம் கொடுத்த லட்சங்களுக்கு இன்றுவரை ரசீது தரவில்லை. இந்த வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ரசீது கைக்கு வராமல் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.